கடமானும் ஒரு முறிந்த காலும்

காதர்பேட்டைக்கு ஐப்பசி கடைசியிலேயே மான்கள் வந்துவிடும். ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் விற்பனைக்காகத் தைக்கப்பட்டு, ஏதோவொரு குறையால் கழிக்கப்பட்ட சட்டைகள் மூட்டை மூட்டையாக இங்கே இறங்கும். மார்பெங்கும் பனித்துகள், நடுவே பெருங்கொம்பு மான். சிலவற்றில் ‘எல்க்’ என்று எழுத்தும் இருக்கும். கிலோக் கணக்கில் அள்ளிப்போக வரும் வியாபாரிகளுக்கு அது ‘மான் டிசைன்’. எங்கள் வீட்டில் அதன் பெயர் கடமான். விலங்கியலார் ஒப்பமாட்டார்கள்தான்; ஆனால் எங்களுக்கு வெகுகாலம் முன்பே வெள்ளைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

எல்க் என்பது ஐரோப்பாவின் வடகாடுகளில் வாழும், உள்ளங்கைபோல் விரிந்த கொம்புடைய பெருமான். அமெரிக்காவுக்குப் போன ஆங்கிலேயர் அங்கே கண்ட வேறொரு மானுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். தெற்காசிய மலைகளுக்கு வந்தவர்கள் கடமானைப் பார்த்து அதையும் எல்க் என்றார்கள். பிரிட்டனில் அந்த விலங்கு அற்றுப்போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டதால், பெயர் மட்டும் உரியவனில்லாத சொத்தாக அவர்களிடம் கிடந்தது போலும். நுவரெலியாவில் குடியேறி, வேட்டைநாய்களை ஏவி, கத்தியோடு ஓடிக் கடமான்களைக் கொன்ற சாமுவேல் பேக்கர், 1850களில் வெளியான தன் நூல்களில் பக்கம் பக்கமாக ‘எல்க்’ என்றே எழுதுகிறார். (ஈழத்தமிழர் அதே விலங்கை மரை என்பர்.) ஊட்டியில் முருகன் கோயில் இருக்கும் எல்க் குன்றின் பெயரும் இவ்வழி வந்ததே.

எங்கள் குடும்பத்தின் எல்க் வேட்டை 1967 ஜனவரியில், பொங்கலுக்கு முந்திய வாரத்தில் நடந்தது. நடந்தது என்பதைவிட நின்றுபோனது என்பதே பொருந்தும்.

அப்போது நாங்கள் யாரும் பிறக்கவில்லை. பல்லடத்துப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் பருத்தியும் சோளமும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். அப்பாருவுக்கு முப்பத்துநான்கு வயது, சின்ன அப்பாருவுக்கு இருபத்தாறு. எங்கள் அப்பா பத்து வயதுப் பையன். ஆத்தாவின் அண்ணன், கனடா நாட்டு உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தில் சிறு ஒப்பந்தங்கள் எடுத்து, எமரால்டு பக்கம் தங்கியிருந்தார். இரட்டைக்குழல் துப்பாக்கியும் அவருடையது; அனுமதிச் சீட்டும் அவர் வாங்கியது. நீலகிரியில் அன்று சீட்டில்லாமல் சுடக்கூடாது. 1877இல் வேட்டைக்காரர்களே கூடிச் சங்கம் அமைத்து, 1879இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்திருந்த மலை அது. வேட்டை தொடரவேண்டுமானால் விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கணக்கையே மூடிவிட்டது. நல்லதுதான் என்பது எங்கள் எண்ணம். முற்றிய ஆண் கடமான் தோளளவில் ஐந்தடி உயரம் நிற்கும், 300 கிலோவைத் தொடும். அப்படியோர் உயிர் இன்று உலக அளவில் அழிவாய்ப்புக்குரியவற்றின் பட்டியலில் இருக்கிறது.

ஆத்தா குளிருக்கென்று ஆளுக்கு மூன்று பனியன்கள் கட்டிக்கொடுத்தார். சமவெளிக்காரர்களுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலின் குளிர்தான். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றைப் போட்டால் கம்பளிக்கு ஈடாகிவிடும் என்று நினைத்தார்கள். பருத்தி நனைந்துவிட்டால் எத்தனை அடுக்கானாலும் பயனில்லை. நூலிழைகளுக்கிடையே சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று போய், அந்த இடத்தில் நீர் நின்றுவிடும். கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். பின்னலாடைத் தொழிலில் பிழைக்கும் எங்களுக்கு இது அரிச்சுவடி. அன்று அவர்களுக்கு உடம்பில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

12ஆம் தேதி விடியற்காலை அவலாஞ்சிப் பக்கத்துப் புல்வெளியில் உறைபனி இறங்கியிருந்தது. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக வெளுத்து நின்றதாகவும், மிதித்தபோது அப்பளம் நொறுங்குவதுபோல் ஓசை கேட்டதாகவும் அப்பா சொல்வார். வழிகாட்டியாக வந்த படகர் பெரியவர், வெயில் ஏறட்டும், பாறையில் கால் நிற்காது என்றார். அப்பாருவுக்குப் பொறுமையில்லை. வெயில் ஏறினால் மான் சோலைக்குள் போய்விடும் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். இருவர் சொன்னதும் சரிதான்.

ஓடையைக் கடக்கும்போதுதான் அது நின்றதாம். எதிர்க்கரையில், சோலையின் ஓரத்தில், பிடரி மயிர் ஈரத்தில் ஒட்டியிருக்க, முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டு. கடமான் ஐயம் கொண்டால் அப்படித் தட்டும். பிறகு கொம்பு ஊதியதுபோல் ஒரு குரல் கொடுக்கும். அது குரல் கொடுக்குமுன் சின்ன அப்பாரு கொடுத்தார்: “அண்ணா, அங்க!”

அப்பாரு திரும்பினார். கால் வைத்திருந்த பாறையின்மேல் கண்ணாடிபோல் பனிப்படலம். துப்பாக்கி ஓடையில் விழுந்தது. அவர் அதன்மேல் விழுந்தார். கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு எலும்பும் முறிந்து ஒன்று தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. மான் உடனே ஓடவில்லை என்பது அப்பாவின் சாட்சியம். விழுந்தவரைப் பார்த்துவிட்டு, ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல் மெல்லத் திரும்பிச் சோலைக்குள் போனதாம்.

அதன்பின் மூடுபனி வந்தது. கற்பூர மரக்கழி இரண்டில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி, மூன்று மைல் தூக்கி வந்தார்கள். சேருமுன் பொழுது சாய்ந்துவிட்டது. மாமனின் ஜீப்பு குளிரில் கிளம்ப மறுத்தது. அன்றிரவு அப்பாருவின் நனைந்த பனியன்களை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டுவிட்டு, அந்தப் படகர் பெரியவர் தம் வீட்டுக் கம்பளிகள் அத்தனையையும் கொண்டுவந்து போர்த்தினார். இரவு முழுதும் அண்ணனின் பாதத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு சின்ன அப்பாரு உட்கார்ந்திருந்தார். பேசவில்லை.

மறுநாள் காலை ஜீப்பு கிளம்பி மேட்டுப்பாளையம் இறங்கியபோது, பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. வானொலிப் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம். முந்தைய நாள் மாலை சென்னையில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டிருந்தார். மலைக்கு மேலே அச்செய்தி எட்டவில்லை. தேர்தல் நெருங்கும் மாதம். வண்டிக்குள் ஒரு துப்பாக்கி, இரத்தம் தோய்ந்த ஒரு மனிதர். சாலையில் மறித்த காவலர் முதலில் கேட்டது “யாரு சுட்டா?” என்பதே. மாமன் சீட்டைக் காட்டி, குழலை முகர்ந்து பார்க்கச் சொல்லி, குண்டு வெடிக்கவேயில்லை என்று நிறுவி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வலியிலும் அப்பாரு கேட்டது, எம்.ஜி.ஆர் உயிரோடிருக்கிறாரா என்றுதான். அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பெருமை தந்த ஒரே பகுதி இது.

கோவை ஆஸ்பத்திரியில் காலை வெட்ட வேண்டும் என்றார்கள். ஆத்தா சம்மதிக்கவில்லை. புண் ஆறியபின் ஊருக்குக் கொண்டுவந்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் வைத்தியரிடம் ஒப்படைத்தார். கால் பிழைத்தது, ஒன்றரை அங்குலம் குட்டையாக. கவலை இறைக்க மாடுகளோடு முன்னும் பின்னும் நாளெல்லாம் நடக்க வேண்டும். ஒற்றைக்காலன் செய்யக்கூடிய வேளாண்மை என்று ஒன்று அன்று இல்லை. நான்கு ஆண்டுகள் தள்ளாடிப் பார்த்துவிட்டு, 1971இல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, காதர்பேட்டையில் பத்துக்குப் பத்தில் ஒரு கடை பிடித்தார்கள். உட்கார்ந்தே செய்யக்கூடிய தொழில் என்று பார்த்துத் தேர்ந்தது பனியன் வியாபாரம். எங்கள் படிப்பு, வீடு, திருமணங்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாரு கதையை ஒரே மாதிரிதான் சொல்வார். மானைப் பார்த்துக்கொண்டே கால் வைத்தேன், வழுக்கிவிட்டது. குரல் கொடுத்ததைப் பற்றி ஒரு சொல் இராது. நாங்கள் துருவினால், “அவன் கூப்புட்டது எனக்குக் கேக்கவே இல்லீங்க சாமி, ஓடைச் சத்தம்” என்பார். பேரப்பிள்ளைகளை அவர் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். உறைபனி விழும் காலத்தில் நாங்களும் அவலாஞ்சிக்குப் போய்ப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் குறைந்து, கல்லுக்குக் கல் தாண்டலாம்போல் மெலிந்த ஓடைகள். அவற்றின் இரைச்சல் ஒரு மனிதக் குரலை மறைக்காது. கேட்டிருக்கும் என்பதே எங்கள் துணிபு.

சின்ன அப்பாரு இதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. அவருக்கென்று தனிக் கடை போட இரண்டு முறை வாய்ப்பு வந்தது, இரண்டையும் விட்டுவிட்டார். கடையின் ஷட்டர் பழைய இரும்பு. குனிந்து, இரு கால்களையும் ஊன்றித் தம் கட்டித் தூக்க வேண்டும். முப்பத்துமூன்று ஆண்டுகள் காலை எட்டரைக்கு அவர்தான் வந்து அதைத் தூக்குவார். காய்ச்சலானாலும் வருவார், தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். வேலையாட்கள் இருந்தார்கள், எங்கள் அப்பா இருந்தார். யாரையும் விட்டதில்லை. அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, ஊன்றுகோலைச் சுவரோரம் சாத்திய பிறகே டீ சொல்லுவார்.

2004இல் அப்பாரு காலமானார். காரியங்கள் முடிந்து கடை திறக்கும் நாளில் சின்ன அப்பாரு வழக்கம்போல் எட்டரைக்கு வந்தார். பூட்டைத் திறந்தார். சாவியை எங்கள் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, எதிர்க்கடைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று ஷட்டரைத் தூக்கியது அப்பா.