களங்கம்

கலையில் உபதேசம் கலப்பது பாலில் உப்பைப் போடுவது போலாகும் என்று நாம் நெடுநாளாய்ச் சொல்லி வந்தோம். லோயிஸ் வெபர் என்ற அமெரிக்க அம்மையாரின் பேசாப் படம் ஒன்றைப் பார்த்த பின்னர், அந்த அபிப்பிராயத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அம்மையார் 1879-ல் பென்ஸில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். இளமையில் தெருமுனைகளில் நின்று கீதம் பாடி மதப் பிரசாரம் செய்தவர். தெருமுனை போதாதென்றுதான் சினிமாவுக்கு வந்தாரோ, என்னவோ! கதை எழுதுவதும் அவரே. டைரக்ட் செய்வதும் அவரே. சில படங்களில் நடித்தவரும் அவரே. 1916-ல் யூனிவர்ஸல் கம்பெனியில் ஆண் டைரக்டர்கள் எவரையும்விட அதிகச் சம்பளம் பெற்றார். மறு வருஷமே சொந்த ஸ்டூடியோ ஏற்படுத்தினார். அமெரிக்காவில் நாடெங்கும் பெண்களுக்கு வோட்டுரிமை கிடைத்ததோ 1920-ல்தான்!

நாம் பார்த்த படம் 1921-ல் வெளிவந்த 'தி பிளாட்'. 'களங்கம்' என்பது அதன் பொருள். சொற்பச் சம்பளத்தில் காலந்தள்ளும் ஒரு காலேஜ் ஆசிரியரின் குடும்பம். அடுத்த வீட்டிலோ பாதரட்சை வியாபாரத்தில் செழித்த குடும்பம். ஆசிரியரின் மகள் நோயுற்றுக் கிடக்கிறாள். அவளுக்கு நல்ல ஆகாரம் கொடுக்க வழியில்லை. அடுத்த வீட்டு ஜன்னலில் கோழி ஒன்று தென்படுகிறது. தாயார் கை நீட்டி எடுத்துவிடுகிறாள்; மறுகணமே மனம் பொறாமல் திரும்ப வைத்துவிடுகிறாள். மகள் கண்டது எடுத்ததை மட்டுமே. வைத்ததை அவள் காணவில்லை.

இந்த இடத்தில் அம்மையார் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தேய்ந்த கம்பளத்தையும் நைந்த பாதரட்சைகளையும் காட்டுவதோடு நின்றுவிடுகிறார். நடுங்கும் அந்தத் தாயின் கையைக் கண்டு நாம் தலை குனிந்தோம். களங்கம் யாருடையது? கை நீட்டியவளுடையதா? ஊரார் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுகிறவனை அரைப்பட்டினி போட்ட சமூகத்தினுடையதா?

பின்னர் ஜனங்களின் ருசி மாறியது. குதூகலப் படங்களே செலாவணியாயின. 1934-க்குப் பிறகு அம்மையாருக்குப் படம் இல்லை. 1939-ல் அவர் காலமானபோது கையிருப்பு ஏதுமில்லை. சிநேகிதியும் கதாசிரியையுமான பிரான்ஸஸ் மாரியனே ஈமச்செலவை ஏற்றார். ஆசிரியரின் வறுமையைப் படமாக்கியவருக்கு உலகம் அளித்த சன்மானமும் அதுவேயாயிற்று.

உப்பு பாலுக்கு ஆகாதுதான். ஆனால் சோற்றுக்கு அது வேண்டியிருக்கிறதே! இத்தனை நாளாய் நாம் இதை மறந்திருந்தோம்.