தம்பிக்கு முன் ஓர் அக்கா

எங்கள் சேலையூர்க்காரர்களிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. டில்லியில் யாராவது ஊரைக் கேட்டால் "மெட்ராஸ்" என்போம். மெட்ராஸில் கேட்டால் "தாம்பரம்" என்போம். தாம்பரத்தில் கேட்டால்தான் "சேலையூர், காம்ப் ரோடு பக்கம்" என்ற உண்மை வெளியே வரும். இப்படிப் பழகிய எங்களுக்கு, 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடை "எங்கள் ஊர் ஒலிம்பியாட்" என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம் ஏது?

மாஸ்கோவில் நடக்கவேண்டிய போட்டி அது. அந்த வருஷம் பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுக்கவே, அங்கே வேண்டாமென்று முடிவாகி நம் பக்கம் வந்து சேர்ந்தது. முகூர்த்தம் வைத்த பிறகு சத்திரம் மாறினால் பெண் வீட்டார் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? சில மாதங்களுக்குள் 180-க்கும் மேற்பட்ட தேசத்துச் சம்பந்திகளுக்குச் சாப்பாடு, படுக்கை, பஸ் எல்லாம் தயாராக வேண்டும்!

நகரம் அமர்க்களப்பட்டது. நேப்பியர் பாலத்துக்கு உடம்பெல்லாம் கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம். "இனிமேல் அதன்மேல் ஆட்டோக்கள் குதிரை மாதிரித்தான் தாவும்" என்றார் என் வீட்டுக்காரர். அதற்குக் கட்டம் எதற்கு? எங்கள் காம்ப் ரோடு சந்திப்பில் ஷேர் ஆட்டோக்கள் கட்டம் போடாமலே அப்படித்தான் தாவுகின்றன. தண்ணீர் லாரிதான் ராணி. எந்தத் திசையிலும் எவ்வளவு தூரமும் போகும். நடுவில் நிற்கும் போலீஸ்காரர், பாவம், ராஜா. ஒரு கட்டத்துக்கு மேல் அவரால் நகர முடியாது.

போதாக்குறைக்கு ஒரு குதிரை. வெள்ளை முகம், வேஷ்டி சட்டை, கூப்பிய கை, பெயர் "தம்பி". சென்னையில் திரும்பின இடமெல்லாம் அது நின்று கும்பிட்டது. ஆவின் பால் பாக்கெட்டில் ஏறி எங்கள் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. என் மாமியார் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது பசும்பால்தானே? குதிரைப்பால் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியில் கை வைத்தார்.

போட்டியைப் பார்க்க இரண்டு மணி நேரத்துக்கு டிக்கெட் 2,000 ரூபாய், 3,000 ரூபாய். பெண்களுக்குச் சலுகையில் 200, 300! பெண்ணாய்ப் பிறந்ததற்கு ரொக்கமாகத் தள்ளுபடி கிடைத்ததை என் ஆயுளில் அன்றுதான் கண்டேன். "இரண்டு மணி நேரம் யாரும் வாயைத் திறக்கக்கூடாதாமே, நீ எப்படி இருப்பாய்?" என்று கேலி செய்தார் இவர். இரண்டு மணி நேரம் "காபி எங்கே, துண்டு எங்கே" என்று யாருமே கேட்காத ஒரு ஹாலுக்கு 300 ரூபாய் கொள்ளை மலிவு என்பது இவருக்கு எங்கே தெரியப் போகிறது!

இலவச பஸ்ஸும் விட்டார்கள், மத்திய கைலாஷிலிருந்து. சேலையூரிலிருந்து தெற்கே மாமல்லபுரம் போக, முதலில் வடக்கே அடையாறு போக வேண்டும். காசு மிச்சம், பாதி நாள் செலவு.

இத்தனை வேடிக்கைக்கும் நடுவே என் பெண் ஒரு கேள்வி கேட்டாள். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, தம்பி சரி, அக்கா எங்கே?" என்றாள். அப்போதுதான் என் மாமியார் பேரனுக்கென்று ஒரு செஸ் பலகை வரவழைத்திருந்தார். பேத்திக்கு? அவளுக்குத் தம்பி ஆடி முடித்த காய்களைப் பொறுக்கி வைக்கும் உத்தியோகம்.

அன்று அவளுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். சென்னை பாடியில் ஒரு குடும்பம். பெண் குழந்தை ஓயாமல் டெலிவிஷன் பார்க்கிறாளே என்று செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அவள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தம்பியும் காயைத் தொட்டான். அக்கா வைஷாலி, தம்பி பிரக்ஞானந்தா. தாயார் நாகலட்சுமி போட்டிக்குப் போகும் தேசமெல்லாம் அடுப்பும் பாத்திரமும் சுமந்து ரசம் சாதம் சமைத்துப் போட்டவர். மாமல்லபுரத்தில் தம்பி ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம். அக்கா ஆடிய பெண்கள் அணிக்கும் வெண்கலம்! ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணி வாங்கிய முதல் பதக்கம் அது. கடைசிச் சுற்று வரை முதலிடத்தில் இருந்து, அமெரிக்காவிடம் தோற்றுத் தங்கத்தைக் கோட்டை விட்டார்கள். அந்த அணியில் ஹரிகா நிறைமாத கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். தங்கம் யாருக்கு? ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்க, இங்கே வந்து ஆடிய உக்ரேன் பெண்களுக்கு.

2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் இந்தியாவுக்கே தங்கம். அக்காளும் தம்பியும் ஆளுக்கொன்று கொண்டு வந்தார்கள்.

நேப்பியர் பாலத்துக் கட்டங்களைப் பார்த்து நாம் சிரித்தது நியாயந்தான். பதினான்கு நாள் கும்பிட்டு நின்ற குதிரையை மறந்துவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் செஸ் பலகை வாங்கும்போது, கடைக்காரர் "பையனுக்கா?" என்று கேட்டால், "இரண்டு பேருக்கும்" என்று சொல்லுங்கள். முதல் காயை அக்கா நகர்த்தட்டும்.