அடுத்த பாகம் எங்கே?

ஓரிரவிற் சொல்லி முடிக்கவியலாத கதைகளை மலையகத் தோட்ட மக்கள் நெடுங்காலமாகவே அறிவர். மாசி மாதம் பிறந்தாற் காமன் கூத்து. பின்னர் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். பகலெல்லாம் மலையிலே கொழுந்து பறித்து, அந்தியில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தோர், கம்பளியைப் போர்த்துக்கொண்டு குளிரில் விடியவிடியக் கூத்துப் பார்ப்பர். மன்மதன் எரிவான் என்பதும், பொன்னரும் சங்கரும் படுகளத்தில் வீழ்வர் என்பதும், தங்காள் தன் தமையன்மாரை ஒரு கணம் எழுப்பிப் பேசவைப்பாள் என்பதும் அங்கிருப்போர் அனைவரும் அறிந்தவையே. அறிந்த முடிவுக்காகவே அவர்கள் காத்திருந்தனர். நேற்று வர இயலாதவனுக்கு விட்டுப்போன பகுதியைச் சொல்வதும், இன்றிரவு கொம்பன் என்னும் பன்றியின் வேட்டை வரும், தவறாது வந்துவிடு என்று அழைப்பதும் அக்கதையின் புறத்தே நிகழ்ந்தனவல்ல. கதை வாழ்ந்த முறையே அதுதான்.

இன்று மாயக்கற்பனைத் தொடர் என்றும் விஞ்ஞானப் புனைகதைத் தொடர் என்றும் வழங்கப்படும் நூல்வரிசைகளை இவ்விடத்திலிருந்து நோக்குவது தகும். இறந்தவர் எழுவதும், விலங்கு பகைவனாகித் தலைமுறைப் பழிக்குக் கருவியாவதும், இரட்டையர் இருவரின் விதி முன்னரே எழுதப்பட்டிருப்பதும் பொன்னர் சங்கர் கதையில் உண்டு. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை எனப் போற்றப்படும் இதனை 1965ஆம் ஆண்டிலே மானிடவியலாளர் பிரெண்டா பெக் பாடகரின் வாய்மொழியாகவே ஒலிப்பதிவு செய்தார். 1982இல் அதுபற்றிய அவரது ஆய்வு நூலாக வெளிவந்தது. அக்கதை கடல் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது ஏட்டில் அன்று. நடந்து வந்தவர்களின் நினைவில். எனவே, தொடர்கதை என்பது மேனாட்டார் நமக்கு அளித்த புதுப்பண்டம் என்று கருதுவோர், தம் பாட்டன் பாட்டியரை மறந்து பேசுகின்றனர் எனலாம்.

அச்சு வந்த பின்னரும் இம்மரபு தொடர்ந்தது. 1947ஆம் ஆண்டிலே சென்னையில் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா, விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும், அரக்கரும் மாந்திரிகரும் உலவும் நெடுந்தொடர்களையும் மாதந்தோறும் கொணர்ந்தது. இப்போது அவ்விதழ் வெளிவருவதில்லை. ஆனால், ஒரு பிரதி பல கைகள் மாறும்போது நேரும் இடர் இன்றும் மாறவில்லை. அட்டை கிழிந்த ஒரு நூல் லயத்துக்கு வந்து சேரும். படிப்பவன் இறுதிப் பக்கத்தில் 'தொடரும்' என்னும் சொல்லைக் காண்பான். அடுத்தது எங்கே என்று கேட்க ஆளிராது. சில வேளைகளில் இரண்டாம் பாகமே முதலிற் கைக்கு வரும்; முதலாம் பாகம் ஒருபோதும் வராது. தனி நூலொன்றைப் பரிந்துரைப்பதற்கும் தொடரொன்றைப் பரிந்துரைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. தொடரைப் பரிந்துரைப்பவன் ஒரு கடமையை ஏற்கின்றான்: எதில் தொடங்குவது, எவ்வளவு தூரம் செல்வது, எங்கே நிறுத்தினாலும் நட்டமில்லை என்பவற்றை அவன் சொல்லியாகவேண்டும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்நோக்கி மஸ்கெலியாவிலோ டயகமவிலோ இருக்கும் மாணவி ஒருத்தி, எதைப் படிக்கலாம் என்று கேட்கின்றாள் எனக் கொள்வோம். உலகப் புகழ்பெற்ற பட்டியல்கள் பலவுண்டு. டோல்கினின் மூன்று பாகங்கள் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வந்தவை. அசிமோவின் பேரரசு வரலாறு, ரௌலிங்கின் ஏழு நூல்கள் என்பனவும் அப்பட்டியல்களில் தவறாது இடம்பெறும். அவை நல்ல நூல்களே. ஆனால் பட்டியல் நூலை அறியும், கேட்பவளை அறியாது. அவளுடைய வாசலில் நின்று பார்த்தால் எது தெரியும், அவளுடைய வீட்டில் எந்தக் கதை பாதியிலே நிற்கின்றது என்று அறிந்தவனே அவளுக்கான நூலைச் சொல்லத்தக்கவன்.

அவள் வாசலில் நின்று பார்த்தால் தெரிவது மலை. சிங்கள மக்கள் ஸ்ரீபாத என்றும் வண்ணத்துப்பூச்சிகளின் மலை எனப் பொருள்படச் சமனல கந்த என்றும், தமிழர் சிவனொளிபாதம் என்றும், இஸ்லாமியர் ஆதம் மலை என்றும் போற்றும் 2,243 மீற்றர் உயரமான அச்சிகரம், மார்கழி முதல் வைகாசி வரையான யாத்திரைக் காலத்திலே இரவில் அடிமுதல் முடிவரை விளக்குச்சரம் பூண்டு நிற்கும். அம்மலையிலிருந்துதான் மனிதன் விண்ணுக்கு ஏணி கட்டினான் என்று 1979ஆம் ஆண்டிலே ஒரு நாவல் கூறியது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இற் கொழும்பிற் காலமான ஆதர் சி. கிளார்க் எழுதிய 'சுவர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் பொருளுடைய ஆங்கில நாவலே அது. நிலநடுக்கோட்டின் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு ஒத்துச் சுழலும் நிலையமொன்றிலிருந்து வடம் இறக்கி, அவ்வழியே மின்தூக்கியில் விண்வெளிக்கு ஏறலாம் என்பது அதன் மூலக்கருத்து. உருசியப் பொறியியலாளர் ஆட்சுட்டனோவ் 1960இலேயே வெளியிட்ட எண்ணமிது. வடம் நிலநடுக்கோட்டில் இறங்கவேண்டும் என்பதற்காகக் கிளார்க் இலங்கையையே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். மலையின் உயரத்தை இருமடங்காக்கினார். கதையிலே, மலையுச்சியில் வாழும் துறவிகள் பொறியியலாளருக்கு இடங்கொடுக்க மறுக்கின்றனர். வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் பழைய வாக்கொன்று பலிக்கின்றது.

இது தொடரன்று, தனி நூல். ஆயினும் அவளுக்கு முதலில் சொல்லத்தக்கது இதுவே. விளக்குச்சரத்தை ஆண்டுதோறும் கண்டவள், விண்ணேறும் வடத்தைக் கற்பனை செய்ய எவரிடமும் பயிலவேண்டியதில்லை. அதன்பின், 1968, 1982, 1987, 1997ஆம் ஆண்டுகளில் நான்கு பாகங்களாக அவர் எழுதிய விண்வெளிப் பயண வரிசைக்குச் செல்லலாம். அதன் முதலிரு பாகங்களே போதும், பின்னிரண்டும் நேரமுள்ளோர்க்கு. ஆனால் ஒன்றை மறைத்தலாகாது. உலகமறிந்த அம்மலை நாவலில் மலையடிவாரத்துத் தேயிலைத் தொழிலாளியின் வாழ்வு கதையாக விரியவில்லை. அவ்வெற்றிடத்தையும் அவள் காணட்டும். அதனை நிரப்பக்கூடியவள் அவளாகவும் இருக்கலாம்.

இரண்டாவதாகச் சொல்லத்தக்கது தமிழிலேயே எழுதப்பட்டது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனிலே தொடராக வந்து, 'மீண்டும் ஜீனோ'வாகத் தொடர்ந்தது. 2020களில் நிகழ்வதாக எழுதப்பட்ட அக்கதையில், குழந்தை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டெழுத்துக்குச் சுருக்கப்பட்டுள்ளன. மனிதர் எண்களால் அறியப்படுகின்றனர். நிலா என்னும் பெண்ணும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் அவ்வாட்சியின் உள்ளே நுழைகின்றனர். சென்னை வாசகருக்கு இது எதிர்காலத்தைப் பற்றிய எச்சரிக்கையாகத் தோன்றியிருக்கும். மலையக வாசகிக்கோ இது கடந்தகாலம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவளுடைய முன்னோர் ஒரே ஆண்டில் நாடற்றவராயினர். 1964இற் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறுநாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. பத்திரத்தில் எண் இல்லையெனின் மனிதனே இல்லை என்னும் நிலையை வாழ்ந்தவரின் பேர்த்தி, ஜீனோவின் உலகத்தை எவ்வாறு படிப்பாள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. ஒரு குறிப்பு மட்டும் அவசியம்: இரண்டாம் பாகம் முதலிற் கிடைத்தாலும் படித்தலாகாது. முதற்பாகத்தின் முடிவே அதன் வாசற்படியாகலின், ஏறிய பின்னர் இறங்கிவந்து ஏறுவதிற் சுவையில்லை.

மூன்றாவது, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்சீ வரிசை. 1968இற் தொடங்கி 1972க்குள் மூன்று நூல்கள், நீண்ட இடைவெளியின் பின் 1990இல் நான்காவது, 2001இல் இரண்டு. தீவுக்கூட்டமொன்றின் மாந்திரிகர் கதை அது. ஒன்றன் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கு அதன்மீது ஆற்றலுண்டு என்பது அவ்வுலகின் விதி. இவ்விதியைத் தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு விளக்கவேண்டுமா? ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஏட்டிலே துரைமார் இட்ட பெயரொன்றும், மக்கள் வாயிலே வழங்கும் தமிழ்ப்பெயரொன்றும் உண்டு. கிளாஸ்கோ, பல்மோரல், டன்சினன் என்பன ஸ்கொட்லாந்திலிருந்து வந்த பெயர்கள். டன்சினன் என்பது ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலே காடு நகர்ந்து வந்து சேரும் குன்றின் பெயர். மலையகத்திலோ காடு அழிக்கப்பட்ட இடத்திலே அப்பெயர் நடப்பட்டது. பெயரிடுபவன் உடைமை கொள்கின்றான், பெயரை மறவாதவன் உடைமையை மீட்கின்றான் என்னும் உண்மையை லெ குவின் மாந்திரிகமாகச் சொன்னார். கொழுந்து பறித்தோர் அதனை நாள்தோறும் பேச்சிலே நிகழ்த்தி வந்தனர். இவ்வரிசையில் முதல் நூலோடு நிறுத்தினும் குறையில்லை. இரண்டாவது நூல் ஒரு சிறுமியைப் பற்றியது. பெயர் பறிக்கப்பட்டு இருட்கோயிலொன்றிலே வளர்க்கப்பட்டவள். அதனைக் கட்டாயம் படிக்கவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்புரை எழும்; அதனை அலட்சியஞ் செய்தலாகாது. மலையக இலக்கியம் தன் பெருமையை யதார்த்தத்தால் ஈட்டியது. சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் வாழ்வை எழுதினார். அவர்களுடைய பாடல்களைத் தொகுத்தார். தெளிவத்தை ஜோசப் லயத்துச் சுவர்களுக்குள்ளிருந்து கதை சொன்னார். கூலியும் காணியும் வீடும் இன்னும் தீராத வினாக்களாயிருக்கையில், பறக்கும் நாகத்தையும் விண்கலத்தையும் பற்றிப் படிப்பது தப்பியோடுதல் அன்றோ என்பர் சிலர். இவ்வினாவில் நியாயம் உண்டு. வாசகனைத் தன் ஊரை மறக்கச்செய்யும் நூல்களும் இவ்வகையிலே மலிந்துள்ளன; அவற்றைப் பரிந்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், அதே வேலுப்பிள்ளை தொகுத்த பாடல்களைப் பாடியவர்களேதாம் காமன் எரிந்ததற்கும் அழுதனர். பகலிலே கணக்கப்பிள்ளையோடு வழக்காடியவர்கள் இரவிலே தங்காளோடு சேர்ந்து இறந்தவரை எழுப்பினர். இரண்டும் ஒரே வாழ்வின் இரு நேரங்கள். உள்ளதை உள்ளபடி காண்பது ஓர் ஆற்றல். உள்ளது இப்படியே இருக்கவேண்டியதில்லை எனக் காண்பது மற்றோர் ஆற்றல். பின்னதற்குக் கற்பனை வேண்டும்.

இனி, நூல்கள் எவ்வாறு கைமாறுவது? கிளார்க்கும் லெ குவினும் ஆங்கிலத்தில் எழுதியோர். ஆங்கில நூல் எல்லார்க்கும் இயல்வதன்று. கூத்து மரபு இதற்கும் வழி காட்டுகின்றது. ஏடு வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரே. கதை கேட்டவரோ தோட்டம் முழுவதும். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒருவன், தான் படித்த தொடரைத் தன் தங்கைக்கும் அயல் லயத்துப் பிள்ளைகளுக்கும் இரவுக்கு ஓர் அத்தியாயமாகத் தமிழிற் சொல்லலாம். முடிவை மட்டும் சொல்லாது விடவேண்டும். நூலையே கொடுப்பவன், முதற்பக்கத்தின் உட்புறத்தில் மூன்று வரிகள் எழுதிக் கொடுக்கலாம்: இது எத்தனையாவது பாகம், இதற்கு முன் எதனைப் படித்திருக்கவேண்டும், அடுத்த பாகம் யாரிடம் உள்ளது. பரிந்துரை என்பதன் முழு இலக்கணமும் அம்மூன்று வரிகளுள் அடங்கும். மூன்றாவது வரி இல்லாத பரிந்துரை அரைப் பரிந்துரையே.

காமன் கூத்தின் முடிவில் மன்மதன் மீண்டும் உயிர்பெறுகின்றான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது கதை. படித்தவனுக்கு மட்டும் தெரியும் உலகமும் அத்தகையதே. அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் அது எல்லார் கண்ணுக்கும் தெரியத் தொடங்கும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குச் செல்லும் பேருந்திலே, பையினுள் ஒரு நூலோடு ஒருவர் அமர்ந்திருப்பாராயின், அருகிலிருப்பவர் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு: அடுத்த பாகம் எங்கே? அதற்கு விடையளிக்க ஒருவரேனும் இருக்கும் ஊரிலே கதை பாதியில் நில்லாது.