வெலிமடை ஏற்றமும் ஒரு பழைய கெப் வண்டியும்



நுவரெலியாவிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் ஏ 5 பெருந்தெருவில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஏறுகிறோம். 1861இல் சிங்கோனா பயிரிடுவதற்காகத் தொடங்கப்பட்ட ஹக்கல பூங்காவைத் தாண்டியதும் காற்றின் தன்மையே மாறுகிறது. பொரகஸ், கெப்பெட்டிபொல என்று ஊர்கள் வர வர, தேயிலைக்குப் பதிலாக உருளைக்கிழங்கும், கரட்டும், லீக்ஸும், போஞ்சியும் படிப்படியாக மலையை மூடி நிற்கின்றன. அதற்கும் கீழே வயல்கள். அவற்றின் நடுவே உமா ஓயா. அங்கேதான் வெலிமடை. அந்த ஆற்று நீரைக் கொண்டு அமைக்கப்பட்ட 120 மெகாவாட் திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. படைத்தவன் மலைகளை முளைகளாக நாட்டி, அவற்றின் இடையே ஆறுகளை ஓடவிட்டிருக்கும் அழகைச் சிந்திக்க விரும்புவோர் இப்பாதையில் ஒருமுறை போய் வரவேண்டும்.

குருத்தலாவ, சில்மியாபுர போன்ற முஸ்லிம் ஊர்கள் இப்பகுதியில் இருக்கின்றன. கண்டி மன்னர் காலத்தில் எமது முன்னோரில் பலர் 'மடிகே' எனப்பட்ட போக்குவரத்துப் பகுதியில் பணி செய்தவர்கள். பொதி மாடுகளின் முதுகில் உப்பும், கருவாடும், துணியும், பாக்கும் ஏற்றி, தவளம் நடத்தி இந்த மலைகளைக் கடந்தார்கள். பின்னர் ரயில் வந்தது. 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. ஆனால் வெலிமடைப் பக்கம் அது வரவேயில்லை. ஆகவே இன்றும் இங்குள்ள மரக்கறிக்கு லொறியும் கெப் வண்டியும்தான் கால்கள். மாடு போன இடத்தில் இயந்திரம் வந்திருக்கிறது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றக்கூடாது என்ற ஒழுக்கம் மட்டும் மாறவில்லை.

இதை எனக்கு நன்கு உணர்த்தியது எங்கள் ஊர் வியாபாரி ஒருவரின் பழைய ஜப்பான் டபள் கெப். அது ஓட்டோ கியர் வண்டி. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த வருடங்களில் பழைய வண்டியை வைத்தே காலம் தள்ளியவர்களில் அவரும் ஒருவர். கிழங்கு மூட்டைகளோடு ஹக்கல ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் அலறும், வண்டியோ நகராது. சற்று நிறுத்தி ஆறவிட்டால் மீண்டும் இழுக்கும். கியர்பொக்ஸ் உள்ளே வழுக்குகிறது என்றார் கராஜ் பாஸ்.

ஓட்டோ கியர் என்பது என்ன?

வீட்டில் இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் சுழலவிடுங்கள். அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலும். ஓட்டோ கியரிலும் இவ்வாறே. காற்றுக்குப் பதில் ஒயில். எஞ்சின் சுழற்றும் ஒரு சக்கரம் ஒயிலைத் தள்ள, அந்த வேகத்தில் எதிரிலுள்ள சக்கரம் சுழல்கிறது. 1905இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபொட்டிங்கர் கப்பல்களுக்காகக் கண்ட முறை இது. காரில் 1939இல் ஜெனரல் மோட்டர்ஸ் இதையொத்த முறையைக் கொண்டுவந்தது. அதன் பின்னால் கிளட்ச் தட்டுகள் அடுக்காக இருக்கும். ஒயிலின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடித்து கியரை மாற்றுகிறது.

ஆக, ஒயில்தான் அதன் இரத்தம். வெப்பம்தான் அதன் எதிரி. சுமையோடு நீண்ட ஏற்றத்தில் ஒயில் கொதிக்கிறது. கொதித்த ஒயில் இளகி அழுத்தம் குறைகிறது. இறப்பர் சீல்கள் கடினமாகின்றன. தட்டுகள் வழுக்கித் தேய்ந்து கருகுகின்றன.

ஓட்டுபவர் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் நீங்கள்தான் சில அடையாளங்களைக் கவனிக்க முடியும். கியரைப் போட்டபின் வண்டி நகரத் தாமதித்தாலும், எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டாலும், கருகிய வாடை வந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒயில் பார்க்கும் கோல் உள்ள வண்டியில் அதைத் துடைத்துப் பார்க்கலாம். நல்ல ஒயில் சிவப்பாக இருக்கும். கறுத்து வாடை வீசினால் உள்ளே கருகியிருக்கிறது. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது.

இறக்கத்தில் ஆபத்து இன்னும் பெரிது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியர் வழுக்கினால் அந்தப் பிடி போய்விடும். எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல் விழ, அதுவும் சூடேறிக் கைவிடும். வண்டி நின்றுவிட்டால் பிள்ளைகளைப் பள்ளத்துப் பக்கம் இறக்காமல் மலைப்பக்கம் இறக்குங்கள். கைபிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வையுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை ஓரமாக்க மறவாதீர்கள். பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது நாம் சிறுவயதில் ஓதிய பாடம். இருளில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அந்தக் கல்லே எமனாகிவிடும். பின்சக்கர ஓட்டமுள்ள ஓட்டோ வண்டியை, பின்சக்கரங்கள் நிலத்தில் உருள இழுத்துச் செல்வதும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஒயில் பாயாது, எஞ்சியிருப்பதும் அழிந்துவிடும்.

விற்பதா, திருத்துவதா?

வியாபாரியிடம் தரகர் ஒருவர் வந்தார். "காலையிலே குளிரிலே வண்டியைக் காட்டுங்க நாநா. சூடாகும் வரைக்கும் ஒரு குறையும் தெரியாது" என்றார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வியாபாரியின் மனைவி திரைக்குப் பின்னிருந்தே பதில் சொன்னார்: "வாங்குறவரும் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு இந்த மலையிலேதானே இறங்குவார்? குறையைச் சொல்லி விற்போம். இல்லாட்டி விற்கவே வேணாம்."

சகோதரிகளே, இதைவிடச் சிறந்த ஃபத்வாவை நான் கொடுத்திருக்க முடியாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று எச்சரித்தார்கள். குளிர்ந்த காலையில் காட்டப்படும் கெப் வண்டியும், மேலே காய்ந்து உள்ளே நனைந்த தானியமும் ஒன்றுதான். விற்குமுன் இருந்த குறை பின்னர் தெரியவந்தால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஃபிக்ஹ் நூல்கள் இதைக் 'கியாருல் ஐப்' என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபின்படி தெரிந்தவுடன் தாமதியாமல் திருப்பிவிட வேண்டும்.

இறுதியில் அந்தச் சகோதரி தம் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கியர்பொக்ஸ் வாங்கிப் பூட்டலாம். ஆனால் அதன் கடந்தகாலம் யாருக்கும் தெரியாது. ஆகவே இருந்ததையே கழற்றித் திருத்தினார்கள். தட்டுகள், சீல்கள் புதிதாயின. வால்வுப் பகுதி கழுவப்பட்டது. முக்கியமாக, ஒயில் குளிர்விக்கும் குழாய்களையும் பாஸ் கழுவினார். அதை விட்டுவிட்டால் பழைய கரித்தூள் மீண்டும் உள்ளே சென்று புதியதையும் தின்றுவிடுமாம். தவ்பா செய்தபின் பழைய சகவாசத்தை விடாதவனின் நிலையும் இதுதான் அல்லவா? வேலை முடிந்த அன்றே பாஸுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. இப்போது அந்த வண்டியில் மூட்டைகள் முன்னைவிடக் குறைவாகவே ஏறுகின்றன.

உங்கள் வீட்டிலும் வண்டி இருந்தால், வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஹலாலான சம்பாத்தியத்தின் காவலில் உங்களுக்கும் பங்கு உண்டு. பயணத்தில் ஏறும்போது துஆவை ஓதுங்கள். ஏறுமுன் ஒயிலையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதே எமக்குக் கற்பிக்கப்பட்ட வழி.

மலைகளையும் பாதைகளையும் வசப்படுத்தித் தந்த வல்ல நாயன், எமது பயணங்களைப் பாதுகாப்பானதாகவும், வியாபாரங்களைப் பரகத்துடையதாகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.