புவாவ்ர் என்றால் மிளகு

என் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். மொழிமேல் ஆசை என்று நினைக்க வேண்டாம். மார்க் சுலபமாக வருமாம். தாத்தா பாண்டிச்சேரியில் பிரெஞ்சிலேயே படித்தவர், டியூஷன் செலவு மிச்சம் என்று மகளும் மாப்பிள்ளையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஆத்தூர் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு.

ஒருநாள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். பிரான்ஸின் தெற்குப் பகுதியில் இரண்டு வாரம். காலையில் பிரெஞ்சு வகுப்பு, மதியத்துக்கு மேல் பழைய ரோமானியர் கட்டியதையெல்லாம் சுற்றிப் பார்ப்பது. ஆர்ல் ஊரில் வட்ட அரங்கம், நீம் ஊரில் கோயில், அதற்குப் பக்கத்தில் மூன்று அடுக்கு வளைவுகளோடு 49 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்ப் பாலம். கட்டணத்தைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இதுக்கு எதுக்கு கண்ணு அவ்வளவு தூரம்? நம்ம பஸ் ஸ்டாண்டுல பாண்டிச்சேரி பஸ் ஏறினா போதும்."

"பாண்டிச்சேரில ரோமா? சும்மா சொல்லாதீங்க தாத்தா."

அவள் நம்பாததில் தப்பில்லை. அவள் வயதில் எனக்கும் தெரியாது. 1954-ல் ஆட்சி கைமாறிய பிறகும் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிரெஞ்சுதான். சரித்திரப் பாடத்தில் நம் மூதாதையர் கோலுவாக்கள் என்று படித்தோம். பழைய பிரான்ஸில் இருந்த, மஞ்சள் முடியும் நீண்ட மீசையும் உள்ள ஜனங்கள் அவர்கள். கருத்த பையன்கள் நாற்பது பேர் அதை ராகம் போட்டு ஒப்பித்தோம். சீசர் அவர்களை ஜெயித்தது, அதனால் அங்கே லத்தீன் பரவியது, அது வாயில் தேய்ந்து தேய்ந்து பிரெஞ்சு ஆனது, எல்லாம் தலைகீழாகத் தெரியும். அந்த ரோமானியர்களின் ஜாடிகள் எங்கள் வகுப்பிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் புதைந்து கிடந்ததை ஒருவரும் சொல்லவில்லை. சைக்கிளில் அரை மணி நேரம். ஒருநாள்கூடக் கூட்டிப் போனதில்லை.

அரையாண்டு லீவில் இரண்டு பேரும் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் தாண்டிப் பாண்டிச்சேரி. முதலில் பாரதி பூங்காவுக்கு எதிரே இருக்கும் மியூசியம். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் ஓடுகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டு கைப்பிடியும் கூர் அடியும் உள்ள ஜாடிகளின் துண்டுகளைக் காட்டி, "இதுதான் ஆம்போர்" என்றேன். நோட்டை எடுக்கச் சொன்னேன்.

அந்த ஜாடிகளில் திராட்சை மது வந்தது. லத்தீனில் வீனும், பிரெஞ்சில் வேன். ஆலிவ் எண்ணெய் வந்தது. லத்தீனில் ஓலியும், பிரெஞ்சில் உயில். "சொத்து எழுதுற உயிலா தாத்தா?" என்று சிரித்தாள். மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறும் வந்தது. "நம்ம கருவாட்டுக் குழம்பு மாதிரி" என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க இவ்வளவு அனுப்பினாங்க, நாம என்ன அனுப்பினோம்?"

மணிகள், துணி, மிளகு. மிளகுக்கு பிரெஞ்சில் புவாவ்ர். அது லத்தீன் பிப்பரிலிருந்து வந்தது. பிப்பர் கிரேக்கம் வழியாக நம் நாட்டுப் பிப்பிலியிலிருந்து போனது. சுக்குக் கஷாயத்தில் போடுகிறோமே, திப்பிலி, அதேதான். இங்கிருந்து கப்பலேறிப் போன ஒரு பெயர், ரோமில் உருமாறி, பிரான்ஸில் இன்னும் உருமாறி, பாண்டிச்சேரிக்குத் திரும்பி வந்து, உச்சரிப்புச் சரியில்லை என்று என் முதுகில் பிரம்படி வாங்கித் தந்திருக்கிறது. நோட்டில் அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டாள். இந்தச் சொல்லை இனி மறக்க மாட்டாள்.

பிறகு ஆட்டோ பிடித்துக் காக்காயன்தோப்பு. அரிக்கமேட்டில் ஆர்ல் மாதிரி அரங்கம் எதுவும் இல்லை. மாமரங்கள், ஆறு, சில செங்கல் தூண்கள். அந்தத் தூண்களும் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். பேத்திக்கு முகம் வாடிவிட்டது. மர நிழலில் உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன். 1930-களில் பாண்டிச்சேரிக் கல்லூரியில் வேலை பார்த்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர், இந்த ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கிய மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். செதுக்கிய கல் ஒன்றில் இருந்த முகம் அகஸ்டஸ் சீசருடையது என்று அவர் முடிவு செய்தார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, இத்தாலியிலிருந்து வந்த சிவப்புத் தட்டுகளை வைத்துக் காலத்தைக் கணித்தார். 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989-லிருந்து விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது தெளிவாயிற்று. நம் ஜனங்களின் ஊருக்குத்தான் அவர்களுடைய சாமான் வந்திருக்கிறது.

"அந்தத் தட்டுல எல்லாம் செஞ்சவங்க பேர் முத்திரை இருக்குன்னீங்க. நம்மாளுங்க எதுவும் எழுதலையா தாத்தா?"

"எழுதியிருக்காங்க. இங்க கிடைச்ச ஓட்டுல தமிழ் பிராமி எழுத்து கீறியிருக்கு."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிராமி என்ன, இருபத்திரண்டு வயது வரை சாதாரணத் தமிழே எனக்குச் சரியாக எழுத வராது என்பதையும் சொல்லிவிட்டேன். நிச்சயம் ஆன பிறகு அவள் பாட்டிக்கு நான் போட்ட முதல் கடிதத்தில் ர, ற எல்லாம் தாறுமாறு. பாட்டி சிவப்பு மையில் திருத்தி அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள். இதைச் சொல்லி வீட்டில் பலமுறை சிரித்திருக்கிறோம். அன்றைக்கு எனக்குப் பட்ட வெட்கத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் ஆபீஸ் முடிந்து வந்து, ஒரு குமாஸ்தா, இரட்டைக் கோடு நோட்டில் அ, ஆ எழுதிப் பழகினேன்.

பேத்தி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் இப்ப ல, ள தகராறுதான் தாத்தா" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிரெஞ்சு, அரை மணி நேரம் தமிழ். அடுத்த வகுப்புக்கு அவள் அந்தப் பயணத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி வந்தாள். பதினோரு தப்பு. பாட்டி இல்லாத வீட்டில் சிவப்புப் பேனா தேடி எடுக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.