கணக்குப் பிள்ளையும் யூஎஸ்பி சிப்பும்

நான் பி.காம். எனக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தம்பி பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் கம்ப்யூட்டரில் காட்டுவது அவன் ப்ராஜெக்ட். பணம் நான் ட்யூஷன் எடுத்துச் சேர்த்தது. ஆகவே எனக்கும் ஒரு ஓட்டு உண்டு :-)

போன ரிவ்யூவில் அவன் கொண்டுபோன கேபிளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. தாம்பரம் வரும்வரை ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது.

விஷயம் இதுதான். அவனிடம் இருக்கும் ஏடிமெகா328க்கு யூஎஸ்பி தெரியாது, சீரியல்தான் தெரியும். நடுவில் ஒரு துபாஷி வேண்டும். ரிச்சி தெருவில் விசாரித்ததில் மூன்று பெயர்கள்: ஸ்காட்லாந்து எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர்எல், அமெரிக்க சிலிக்கான் லேப்ஸின் சிபி2102, சீனத் தயாரிப்பான சிஎச்340ஜி.

"எஃப்டிடிஐ வாங்கலாம் அண்ணா, பெரிய பெயர்" என்றான். பெயர் பெரிதென்றால் போலியும் வருமே! 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்நிறுவன டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதன்பின் கம்ப்யூட்டர் அவற்றை அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன் தப்பித்தான், தெரியாமல் வாங்கியவன் மாட்டினான்.

1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் எங்களுக்குப் பாடம். சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. பில்லே வாங்காதவன் எதைக் காட்டி வாதாடுவது?

அடுத்தது சால்டரிங். சிபி2102க்கு வெளியே நீட்டிய கால்களே கிடையாது, சாதாரண அயர்ன் வைத்துப் பற்றவைப்பது கஷ்டம். எஃப்டி232ஆர்எல்லுக்கு 28 கால்கள், இடைவெளி 0.65 மில்லிமீட்டர். சிஎச்340ஜிக்கு 16தான், இடைவெளி 1.27. தனியாக ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சேர்க்க வேண்டும், அவ்வளவே. விலையும் மூன்றில் அதுதான் குறைவு.

"சொந்தமாகவே யூஎஸ்பி செய்தால் என்ன?" என்று கேட்டேன். செய்யலாமாம். ஆனால் சொந்தத் தயாரிப்பாளர் எண் வேண்டுமென்றால் யூஎஸ்பி அமைப்புக்கு 6000 டாலர் கட்ட வேண்டும். சிப் வாங்கினால் எண் அதோடேயே வந்துவிடுகிறது. அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

சிஎச்340ஜியே வாங்கினோம், பில்லோடு. ஒன்றல்ல, இரண்டு. "எதுக்கு அண்ணா ரெண்டு?" என்றான். "இதுக்குப் பேர் ரிசர்வ்டா" என்றேன். ரயிலில் சானடோரியம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.