காப்பர் டியுடன் மூன்று ஆண்டுகள்

சித்தூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் 'ஆபரேஷன்' என்ற சொல்லுக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. கண்புரைக்கும் குடல்வாலுக்கும் செய்யப்படும் அறுவையை உறுப்பின் பெயரைச் சேர்த்தே குறிப்பிடுவார்கள். வெறுமனே 'அவளுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு' என்றால் அது பெண்களுக்குச் செய்யப்படும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையை மட்டுமே சுட்டும். தெலுங்கு பேசும் அண்டை வீடுகளிலும் இதே வழக்குதான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இவ்வழக்குக்குச் சான்று தருகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி போன்ற சாதனங்களைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அந்தச் சிறு எண்ணிக்கைக்குள் வந்து சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றியது இக்குறிப்பு. சித்தூரில் பிறந்து வளர்ந்தவர். திருப்பதியில் முனைவர் பட்ட ஆய்வாளர். திருமணமானபின் அங்கேயே மாமியார் வீட்டில் வசிப்பவர். 2022இல் அவருக்கு வயது 30, மகளுக்கு 2. மகப்பேற்றால் தடைபட்ட கள ஆய்வை அப்போதுதான் மீண்டும் தொடங்கியிருந்தார். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிடவில்லை. இப்போது வேண்டாம் என்பது மட்டும் உறுதியாக இருந்தது. 'வேண்டாம்' என்பதற்கும் 'இப்போது வேண்டாம்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க அவர் பட்ட பாடு பேசப்பட வேண்டிய ஒன்று.

மாத்திரை அவருக்குப் பொருந்தவில்லை. கண்முன் மின்னும் வளைகோடுகள் தோன்றியபின் தொடங்கும் ஒற்றைத் தலைவலி அவருக்குண்டு. அத்தகைய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறைகள் அதை முற்றிலும் விலக்குகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியை நிறுத்தினால் மீண்டும் கருத்தரிக்கப் பல மாதங்கள் பிடிக்கலாம். ஆணுறையை நம்பியிருந்த காலத்தில் ஒருமுறை நாள் தள்ளிப்போனது. பத்து நாட்கள் அவரால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. ஹார்மோன் கலவாதது, நீண்ட நாள் நிற்பது, வேண்டும்போது அகற்றக்கூடியது என்று தேடியபோது எஞ்சியது காப்பர் டி.

வீட்டில் சொன்னபோது முதலில் எதிர்த்தவர் பாட்டி. "லூப்பு வெச்சுக்கிட்டு நான் பட்டது போதும்டி, அது உனக்கு வேணாம்" என்றார். பேத்தி அதுவரை கேள்விப்படாத கதை அது. 1960களின் நடுவில், சித்தூரை அடுத்த கிராமத்தில், பாட்டிக்கு லூப் பொருத்தப்பட்டிருக்கிறது. பொருத்தும்வரை நாள்தோறும் வீடு தேடி வந்த பெண் ஊழியர், பொருத்தியபின் ஒருநாளும் வரவில்லை. உதிரப்போக்கு ஐந்து மாதம் நிற்கவில்லை. அப்படி ஆகக்கூடும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லவுமில்லை. எடுத்துவிடுங்கள் என்று கேட்டு இரண்டுமுறை நகரத்துக்கு நடந்திருக்கிறார். மூன்றாம் முறைதான் எடுத்திருக்கிறார்கள்.

பாட்டியின் கதை அவர் ஒருவருடையது மட்டுமன்று. அமெரிக்காவின் பஃபலோ நகர மருத்துவர் ஜாக் லிப்பிஸ் வடிவமைத்த, பாம்புபோல் வளைந்த நெகிழித் துண்டு 'லிப்பிஸ் லூப்'. இந்திய அரசு 1965இல் இதைக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையமாக்கியது. கான்பூரில் ஆலை எழுந்தது, இலக்குகள் வகுக்கப்பட்டன, பொருத்துவதற்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. 1966-67இல் ஏறத்தாழ 9 லட்சம் பெண்களுக்குப் பொருத்தப்பட்ட லூப், அடுத்த ஆண்டே 7 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. உதிரப்போக்கும் வலியும் வரக்கூடும் என்று முன்னரே சொல்லவும், வந்தபின் கவனிக்கவும் ஆளில்லாததே சரிவுக்கு முதன்மைக் காரணம். லூப் மேலேறி நெஞ்சுக்குப் போய்விடும் என்ற வதந்தி மீதி வேலையைச் செய்தது. திட்டம் அறுவையின் பக்கம் திரும்பியது.

அந்தத் திருப்பத்தின் விளைவு அடுத்த தலைமுறையில், அம்மாவின் உடலில் இருந்தது. இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு, 24 வயதில், அவருக்கு ஆபரேஷன் நடந்தது. வேறு வழி உண்டா என்று அவர் கேட்கவில்லை. உண்டென்று எவரும் சொல்லவுமில்லை. அந்த இரண்டாவது குழந்தை, ஆய்வாளரின் தம்பி, நான்கு வயதில் காய்ச்சலில் இறந்தான். அதன்பின் அம்மா அந்த அறுவையைப் பற்றி வீட்டில் பேசியதேயில்லை. பாட்டி லூப்பைப் பழித்துக்கொண்டிருந்த அன்று மட்டும், "எடுக்கக்கூடியதுன்னா வெச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

லூப்பும் காப்பர் டியும் ஒன்றல்ல. சிலி நாட்டு மருத்துவர் ஹைமே ஸிப்பர் 1960களின் இறுதியில் செம்பின் கருத்தடை ஆற்றலைக் கண்டறிந்தார். கருப்பையின் வடிவுக்கேற்ற ஆங்கில 'டி' எழுத்துச் சட்டத்தை அமெரிக்க மருத்துவர் ஹோவர்டு டேட்டம் உருவாக்கினார். இரண்டும் சேர்ந்தது இன்றைய சாதனம். செம்பு அயனிகள் விந்தணுக்களின் அசைவையும் கருவுறச் செய்யும் திறனையும் குலைக்கின்றன. ஆகவே கருவுறுதலே பெரும்பாலும் நிகழ்வதில்லை. இதைக் கருக்கலைப்புக் கருவி என்று கருதுவது பிழை. '380ஏ' என்ற பெயரிலுள்ள எண், செம்புப் பரப்பின் அளவான 380 சதுர மில்லிமீட்டரைக் குறிக்கும். இந்திய அரசின் திட்டத்தில் 2002 முதல் வழங்கப்படும் இவ்வகை 10 ஆண்டுகள் பயன் தரும். முதல் ஆண்டில் கருத்தரிப்போர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை.

கட்டணமில்லை என்பதால் எளிதில் கிடைத்துவிடும் என்று பொருளில்லை. அவர் முதலில் சென்ற மருத்துவமனையில், "ஒண்ணுதானா? இன்னொண்ணு பெத்துக்கிட்டு ஒரேயடியா ஆபரேஷன் பண்ணிக்கோம்மா" என்ற அறிவுரை கிடைத்தது. வற்புறுத்தியபோது கணவரின் கையெழுத்தைக் கேட்டார்கள். நிரந்தரமான கருத்தடை அறுவைக்கே கணவரின் ஒப்புதல் தேவையில்லை என்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள். எப்போது வேண்டுமானாலும் அகற்றத்தக்க ஒரு சாதனத்துக்கு அது எதற்கு? கணவர் கையெழுத்திட மறுப்பவர் அல்லர். உடன் வரவும் அணியமாயிருந்தார். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பெற்று வர அவருக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது மருத்துவமனையில் வாய்த்த பெண் மருத்துவர் இருபது நிமிடம் பேசினார். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் உதிரப்போக்கு மிகும், வலி கூடும், பின்னர் பெரும்பாலானோருக்குத் தணியும். சிலருக்குச் சாதனம் தானாகவே வெளியேறிவிடும். முதல் ஆண்டில்தான் இது அதிகம். ஆயிரத்தில் ஒருவருக்குக் கருப்பைச் சுவரில் துளை ஏற்படலாம். பால்வினை நோய்களிலிருந்து இது காக்காது. இவ்வளவையும் சொன்னபின், "இப்போ சொல்லுங்க, வேணுமா?" என்று கேட்டார்.

மாதவிடாயின் ஐந்தாம் நாள் பொருத்தப்பட்டது. கருப்பை வாயை இடுக்கி பற்றியபோது ஒரு சுரீர். ஆழம் அளக்கும் கம்பி உள்ளே சென்றபோது அடிவயிற்றிலிருந்து தொடை வரை இறங்கிய இழுப்பு. அதன்பின் வியர்த்துக் கண் இருண்டது. பிரசவ வலியோடு ஒப்பிட ஏதுமில்லை. ஆனால் 'ஒண்ணும் தெரியாது' என்று சொல்வோர் சொல்வதும் உண்மையில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பொருத்திய தேதியும் அகற்றவேண்டிய 2032ஆம் ஆண்டும் எழுதிய அட்டையைத் தந்தார்கள்.

முதல் நான்கு மாதங்கள் கடினமானவை. நான்கு நாள் மாதவிடாய் எட்டு நாளாயிற்று. செம்பு கருப்பை உட்சுவரில் மெல்லிய அழற்சியை உண்டாக்கும். அதனால் புரோஸ்டாகிளாண்டின்கள் பெருகி உதிரமும் வலியும் கூடுகின்றன. பொதுவாக உதிர இழப்பு 20 முதல் 50 விழுக்காடு வரை மிகுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. முன்பே 11.4 ஆக இருந்த அவருடைய ஹீமோகுளோபின் 9.8க்கு இறங்கியது. மாநிலத்துப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகையுடன் வாழும் சூழலில் இதை அற்பமான பக்கவிளைவு என்று ஒதுக்க இயலாது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். களப்பணிக்காக அவ்வழியே பேருந்தில் போகும் நாட்களில், பூதலப்பட்டு வருவதற்குள் எங்கே இறங்கி உடை மாற்றுவது என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

உதிரத்துக்கு வீட்டில் வேறொரு கணக்கும் இருந்தது. திருப்பதியில் மாமியார் வீடு ஏழுமலையானுக்கு நேர்ந்த வீடு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தளிகை உண்டு; மாதவிலக்கான பெண் பூசையறைப் பக்கம் வருவதில்லை, மலைக்கும் செல்வதில்லை. விலக்கு நான்கு நாளாக இருந்தவரை அது எவருக்கும் உறுத்தவில்லை. எட்டு நாளாகி, நடுவில் இரண்டு நாள் துளித்துளியாகப் படுவதும் சேர்ந்தபோது, மாதத்தில் மூன்றிலொரு பங்கு அவர் விலகியிருக்க வேண்டியதாயிற்று. "இது என்ன கணக்கு? எடுத்துட்டு வந்துடு" என்றார் அத்தை. கருத்தடை நூல்களின் பக்கவிளைவுப் பட்டியலில் இப்படியொரு வரி கிடையாது. ஆனால் இப்பகுதியில் எத்தனையோ பெண்கள் காப்பர் டியை அகற்றச் சொல்வதற்கு, வலியோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். கேட்டாலும் வெளியில் சொல்ல மாட்டார்கள்.

நான்காம் மாதம் அவர் அகற்றிவிடும் எண்ணத்தோடு அதே மருத்துவரிடம் சென்றார். நூல் சரியான இடத்தில் இருந்தது. ஸ்கேனில் சாதனமும் நிலைபெயரவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார் மருத்துவர். "இப்பவே எடுங்கன்னு சொன்னா?" என்று கேட்டார் ஆய்வாளர். "இப்பவே எடுத்துடுவேன். உங்க உடம்பு" என்றார் மருத்துவர். பாட்டிக்கு ஐந்து மாதமும் மூன்று நடையும் தேவைப்பட்ட ஒன்று, கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அவரால் காத்திருக்க முடிந்தது. மாதவிடாய் நாட்களில் மெஃபனாமிக் அமிலமும் டிரானெக்சாமிக் அமிலமும், மற்ற நாட்களில் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொண்டார். மாத்திரையோடு தேநீரைத் தவிர்த்து எலுமிச்சைச்சாறு குடித்தார். ஏழாம் மாதம் விலக்கு ஐந்தரை நாளில் நின்றது. ஓராண்டுக்குள் ஹீமோகுளோபின் 11.9ஐ எட்டியது.

2025இல் சாதனம் உள்ளேயே இருக்கிறது, ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது. விடுதி மாணவியர் சிலர் அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும்போது அவர் புகழ்ந்தும் சொல்வதில்லை, அச்சுறுத்துவதும் இல்லை. நாள் தள்ளிப்போனாலோ, காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, நூல் தட்டுப்படாவிட்டாலோ, நீண்டுவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போகச் சொல்வார். பொருத்துவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளச் சொல்வார். எந்த மருத்துவமனையாயினும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வார்: நாளை வந்து எடுத்துவிடுங்கள் என்றால் எடுப்பீர்களா?

பொருத்தியோர் எண்ணிக்கை 1965 முதல் அரசு அறிக்கைகளில் முன்னிலை பெற்று வருகிறது. கேட்டபோது அகற்றித் தரப்பட்டதா என்பதற்கும் அதே அளவு இடம் தரப்படுமாயின், எழுபது விழுக்காட்டுப் பெண்கள் மீளமுடியாத ஒரே வழியில் சென்றது ஏன் என்பது ஓரளவு விளங்கக்கூடும்.